ஆபேலின் கம்ப்யூட்டருக்கு வந்த காய்ச்சல்

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் கம்ப்யூட்டரைக் குணமாக்கிவிடுவது, இல்லையென்றால் மீசையை எடுத்துவிடுவது என்று ஆபேல் சபதம் செய்தார். அது ஒன்றும் ஊர் மெச்சும் மீசையில்லை. ஆனாலும் சபதம் சபதம்தான்.

ஆபேல் மார்த்தாண்டத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் வாத்தியார். விடிந்ததிலிருந்து சாயங்காலம் வரை, இருபது கிலோமீட்டர் வேகத்தில் நகரும் காரில், பக்கத்து சீட்டில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அவர் பிழைப்பு. வீட்டுக்கு வந்ததும் கைலியை மடித்துக் கட்டி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, முன்னூறு கிலோமீட்டர் வேகத்தில் பந்தயக் கார் ஓட்டுவார். காலையில் போன உயிர் அப்போதுதான் திரும்பி வரும். வயது நாற்பத்திரண்டு என்பதை அந்தக் கார் ஒருநாளும் கேட்டதில்லை.

ஞாயிறுதோறும் இன்டர்நெட்டில் அணிப் பந்தயம். ஆபேலின் அணியில் நாலு பேர். போன இரண்டு ஞாயிறும் கடைசி ரவுண்டுகளில், ஆபேல் முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது, கம்ப்யூட்டர் 'டப்' என்று அணைந்தது. அணித் தலைவன் தக்கலை யேசுரத்தினம் மரியாதை தெரிந்தவன். போனில் மெதுவாகத்தான் சொன்னான். "அண்ணே, மனசுல ஒண்ணும் வச்சிக்கிடாதுங்க. இந்த வாரமும் இப்பிடி ஆச்சுன்னா நாங்க வேற ஆளப் பாப்போம்."

வீட்டுக்காரி குளோரி அவ்வளவு மெதுவாகச் சொல்லவில்லை.

"இஞ்ச பாருங்க. இந்த ஞாயித்துக்கெழமையும் இது அணைஞ்சா, தூக்கி எனக்க தம்பி ரெனிஷுக்குக் குடுத்துருவேன். அவனுக்க கடையில பில்லு போட ஆவும்."

"பந்தயக் குதிரையக் கொண்டு வண்டியில கெட்டச் சொல்லுதியா?"

"படுத்தே கெடக்க குதிரைக்கு வண்டி எவ்வளவோ தேவல."

மே மாத வெயிலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆபேல் அப்போது ஒரு காரியம் செய்திருந்தார். ஹாலில் இருந்து அடுக்களைப் பக்கத்து, கூரை போட்ட ஒர்க் ஏரியாவைப் பார்த்து ஒரு ஜன்னல். கம்ப்யூட்டர் பெட்டியின் முதுகை அந்த ஜன்னல் கம்பியோடு ஒட்டி வைத்தார். உள்ளே இருக்கும் சூட்டுக் காற்று விசிறி வழியாக நேராக வெளியே போய்விடும். ஹாலும் வேகாது, பெட்டியும் வேகாது. பெட்டிக்கு மேலே தெரிந்த ஜன்னலுக்குக் குளோரி ஒரு பூப்போட்ட திரை தைத்துப் போட்டாள். தன் மூளையை நினைத்து ஆபேலுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

ஜூன் பிறந்தது. மகள்கள் அபினாவுக்கும் ஜெனிலாவுக்கும் பள்ளிக்கூடம் திறந்தது. மழையும் திறந்தது. கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல் வந்தது. உட்கார்ந்து அரைமணி நேரத்தில் மானிட்டரின் மூலையில் சூடு தொண்ணூற்றெட்டு என்று காட்டும். பிறகு இருட்டு.

ஆபேல் பெட்டியைத் திறந்து பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினார். இரண்டு விசிறி கூட்டி வைத்தார். சூட்டைக் கடத்துவதற்கென்று உள்ளே ஒரு பசை உண்டு, அதையும் மாற்றத் தீர்மானித்தார்.

"குளோரி, பேஸ்ட் காஞ்சு போச்சு. அதாம் இவ்வளவு சூடு."

"காலையிலதான புது டியூப் பிரிச்சு வச்சேன்?"

"அது பல்லுக்கு. இது மிஷினுக்கு."

"நல்லா இருக்கு கத. மிஷினு ரெண்டு நேரமும் தேய்க்குமா?"

பசையும் மாறியது. காய்ச்சல் மாறவில்லை. பெட்டியை மழையில் பிளாஸ்டிக் கவர் போட்டு, அனில்குமாரின் கம்ப்யூட்டர் கடைக்கு ஆட்டோவில் கொண்டுபோனார். அங்கே இரண்டு நாள் இடைவிடாமல் ஓடியது. சூடு எழுபதைத் தாண்டவில்லை.

"அண்ணே, இதுக்கு ஒரு கொறையும் இல்ல. வீட்டுலதான் என்னமோ இருக்கு," என்றான் அனில்குமார்.

வீட்டில் ஆபேல் தேடாத இடமில்லை. கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தார். பார்க்காத இடம் ஒன்றே ஒன்று, அடுக்களைப் பக்கம். ஆபேலின் அப்பா அந்தப் பக்கம் போனதில்லை. ஆபேலும் கல்யாணமான பதினைந்து வருஷத்தில், ஒரே ஒரு தடவை பூனையை விரட்டப் போனதோடு சரி.

அப்போதுதான் அவருக்கு அந்தக் குறுக்குப் புத்தி வந்தது. ஒரு வருஷமாக, பந்தயப் படத்தை இன்னும் வேகமாகக் காட்டும் புது கிராபிக்ஸ் கார்டு ஒன்றின் மேல் அவருக்குக் கண். கேட்க வாய் வரவில்லை. இந்தக் காய்ச்சலைச் சாக்காக வைத்து வாங்கிவிட்டால் என்ன? இரவுச் சாப்பாட்டில் மீனைப் புகழ்ந்தார். குழம்பைப் புகழ்ந்தார். மாமியாரைக்கூட ஒரு வரி புகழ்ந்தார்.

"என்ன வேணும்ன்னு சொல்லுங்க," என்றாள் குளோரி.

"பழைய கார்டுதாம் சூடாவுது. புதுசு ஒண்ணு போட்டா செரியாவும்."

"புதுசு போட்டா சூடு கொறையுமா?"

புதுக் கார்டு இதைவிட இரண்டு மடங்கு சூடாகும் என்று ஆபேலுக்குத் தெரியும். ஆனால் பெண்சாதியிடம் பொய் சொல்லும்போது கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. "கொறையுமாவா? ஐஸ் மாதிரி இருக்கும்! தொட்டா கை வெறைச்சிரும்!"

குளோரியின் முகம் வாடிவிட்டது. "அப்ப வேண்டாம்," என்று எழுந்து போய்விட்டாள்.

எந்த இடத்தில் சறுக்கியது என்று ஆபேலுக்கு விளங்கவில்லை. மறுநாள் சாயங்காலம் அதைவிட விளங்கவில்லை. குளோரி சிரித்துக்கொண்டே காப்பி கொடுத்தாள்.

"கார்டு வாங்கிக்கிடுங்க. நான் அனிலுக்கு போன் செஞ்சு பேசியாச்சு. நல்லதாவே எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன்."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. சனிக்கிழமை அனில்குமார் எடுத்துக் கொடுத்ததோ, ஆபேல் கனவில்கூட விலை கேட்கத் துணியாத கார்டு. செங்கல் கனம். மூன்று விசிறி. வீடு வரும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். என்ன ஏமாளி இந்தக் குளோரி என்று இரக்கமாகக்கூட இருந்தது.

அன்று இரவு உட்கார்ந்தார். பன்னிரண்டே நிமிஷம். டப்.

ஞாயிறு நாலு மணி. வெளியே கொட்டும் மழை. இருபது ரவுண்டுப் பந்தயம். அணைந்தால் அணியும் போச்சு, ஆறு மணிக்குக் கம்ப்யூட்டரும் ரெனிஷ் கடைக்குப் போச்சு. ஆபேல் சிலுவை போட்டுக்கொண்டு காரைக் கிளப்பினார். இரண்டாவதாக ஓடினார். எட்டாவது ரவுண்டில் முதலிடம். மூலையில் சூடு எண்பத்தொன்பது. தொண்ணூறு. தொண்ணூற்றொன்று.

வலது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, மூச்சு முட்டியவர் மாதிரி இடது கையால் ஜன்னல் திரையை இழுத்தார். காற்றாவது வரட்டுமே.

காற்று வரவில்லை. ஒரு நீலப் பாவாடை வந்து மூக்கில் இடித்தது. ஜன்னல் கம்பியை ஒட்டி ஒரு கொடிக்கயிறு, அது முழுக்கக் கிளிப். பெட்டியின் முதுகை மூடிக்கொண்டு இரண்டு சட்டை, மூன்று பாவாடை, ஆறு காலுறை. அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து குளோரி ஒரு காலுறையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"குளோரீ! என்ன இது?"

"பிள்ளைகளுக்க யூனிபாரம்."

"அது தெரியுது. இஞ்ச ஏன் தொங்குது?"

"நனைவா இருக்கு. தொங்காம பின்ன?"

"எத்தன நாளா நடக்குது இது?"

"பள்ளிக்கூடம் தொறந்ததுலேந்து. நீங்க உக்காந்த ஒடனே போடுவேன். நல்ல சூட்டுக் காத்து. மொறுமொறுன்னு காஞ்சிரும்."

"ஏட்டி, அதாம் மிஷினு மூச்சு முட்டி அணையுது!"

"அதுக்கு நான் என்ன செய்ய? நீங்க தூசின்னிய, பேஸ்டுன்னிய, கார்டு பழசுன்னிய. துணின்னு ஒரு நாளு சொன்னியளா?"

பதிமூன்றாவது ரவுண்டு. தொண்ணூற்றைந்து. பின்னால் கோட்டாறு அணியின் சிவப்புக் கார் முட்டிக்கொண்டு வந்தது.

"எடுத்து மாத்துட்டி!"

"மாத்துனா நாளைக்கு ரெண்டு பிள்ளைகளும் ஈரப் பாவாடையோடயா போவும்?"

"ஒனக்கு என்ன வேணும்? சொல்லு. எதுன்னாலும் செரி!"

குளோரி அவசரப்படவில்லை. கையிலிருந்த காலுறையை உதறினாள். "தெனமும் அஞ்சரைக்கி உக்காரணும். ஏழரை வரைக்கும் எந்திரிக்கப்பிடாது. பழைய ஓட்டம் இல்ல. நல்ல வேகமா ஓட்டணும்."

ஆபேல் தன் காதை நம்பவில்லை. தினமும் விளையாட வேண்டும் என்று பெண்சாதி நிபந்தனை போடுகிறாள்! இந்தப் பூமியில் எந்தப் புருஷனுக்கு இப்படி ஒரு தண்டனை கிடைத்திருக்கிறது?

"சம்மதம்! மாதா மேல சத்தியம்!"

தொண்ணூற்றேழு. குளோரி எழுந்து, கொடிக்கயிற்றைத் துணியோடு ஒரு முழம் பின்னால் இழுத்துக் கட்டினாள். அவ்வளவுதான். தொண்ணூறு. எண்பத்திரண்டு. எழுபத்தைந்து. மூன்று விசிறியும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டன. ஆபேல் கோட்டாறுச் சிவப்பைத் தூரத்தில் ஒரு புள்ளியாக்கிவிட்டு முதலாவதாக வந்தார். யேசுரத்தினம் போனில் கூவினான். அபினாவும் ஜெனிலாவும் அப்பாவைச் சுற்றிக் குதித்தார்கள். ஆபேலும் குதித்தார். பதினைந்து வருஷத்தில் இரண்டாவது தடவையாக அடுக்களைப் பக்கம் போய், குளோரியைத் தூக்கிச் சுற்றப் பார்த்து, இடுப்பு சம்மதிக்காததால் கையை மட்டும் பிடித்துக் குலுக்கினார். மீசையும் தப்பியது. சந்தோஷம் தாங்கவில்லை.

அப்போது அனில்குமார் போன் செய்தான்.

"அண்ணே, கார்டு எப்பிடி? அக்கா கேட்ட மாதிரி இருக்கா?"

"அவ என்னடே கேட்டா?"

"கடையில இருக்கதுலயே கூடுதலா சூடு தள்ளுத கார்டு எதுன்னு கேட்டா. துணி காயப்போடுத மிஷினு வாங்கித் தரச் சொன்னா நீங்க வாங்க மாட்டியளாம். இதுன்னா ஓடிப் போயி வாங்குவியன்னு சொன்னா."

ஆபேல் போனை வைத்துவிட்டு, கொடியில் நழுவிக்கொண்டிருந்த ஒரு காலுறையை எடுத்து ஒழுங்காகக் கிளிப் போட்டார்.

அந்த மழை ஜூலையிலும் விடவில்லை. முதல் வாரம் ஆபேல் ராஜா. இரண்டாவது வாரம் பக்கத்து வீட்டு விக்டோரியா மதினியின் வாளியும் வந்து சேர்ந்தது. மூன்றாவது வாரம் தெருவில் யார் வீட்டுத் துணி என்றே அவருக்குத் தெரியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, கண் எரிந்து, தோள் கழன்று, ஐந்தாவது பந்தயத்தையும் ஜெயித்து முடித்த ஆபேல், திரைக்குப் பின்னால் பார்த்துப் பணிவாகக் கேட்டார்.

"ஏட்டி, மணி ஏழரை ஆச்சு. நான் எந்திரிச்சுக்கிடட்டா?"

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு கை எதையோ தடவிப் பார்த்தது.

"இன்னும் பத்து ரவுண்டு சுத்துங்க. மதினிக்க கம்பளிப் போர்வ நடுவுல ஈரமா இருக்கு."