அமாவாசையும் ஒரு பீடியும்

காஞ்சிபுரத்தில் அமாவாசையோடு சண்டை போடாத குடும்பம் கிடையாது. சாவு விழாத வீடு வேண்டுமானால் ஒன்றிரண்டு கிடைக்கும்.

அவர் நிஜப்பேர் எனக்குத் தெரியாது. இத்தனைக்கும் அவர் ஸ்டூடியோவுக்கு எதிரே பதினெட்டு வருஷமாகப் படங்களுக்குச் சட்டம் போடுகிறேன். ராத்திரியில்தான் எடுப்பார். பிளாஷ் போட மாட்டார். எடுத்ததைக் கம்ப்யூட்டரில் திருத்த மாட்டார். படம் கறுப்பாக வரும். அதனால் அமாவாசை. அப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார். கோபம் கிடையாது.

பிளாஷ் ஏன் போடுவதில்லை என்று ஒருமுறை கேட்டேன்.

"தூங்கறவன் மூஞ்சில தண்ணி ஊத்தி எழுப்புனா எப்டிப்பா முழிப்பான்? படமும் அப்டிதான் முழிக்கும்."



ஒரு கல்யாண ரிசப்ஷன் எடுத்தார். பெண்ணின் அப்பா ஆல்பத்தைப் புரட்டிவிட்டுக் கத்தினார்.

"இன்னாய்யா இது? பொண்ண கொஞ்சம் கலரா ஏத்திக் குடுக்கக் கூடாதா?"

"ஏத்தலாங்க. எந்தக் கலர்னு மாப்ள வீட்டுல கேட்டுக்கினு வாங்க. நாளைக்கு அவுங்க வந்து, பொண்ண மாத்திட்டீங்கன்னு சொன்னா நான் பதில் சொல்ல முடியாது."

ஆல்பம் பறந்து வந்து என் கடை வாசலில் விழுந்தது. சாயங்காலம் அந்தப் பெண்ணே வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

கோபுரத்தை எடுத்தார். குறுக்கே ஏழு கரண்ட் கம்பி. கம்பியை அழித்துக் கொடு என்றார் ஒரு பட்டுச்சேலைக் கடைக்காரர்.

"கரண்ட் ஆபீஸ்காரனே எடுக்கல. நான் எடுக்கணுமாங்க?"

அதே கடைக்காரர் மறுபடியும் வந்தார். ராத்திரி சாமி ஊர்வலப் படம் காலண்டருக்கு வேண்டும். படத்தில் சாமி நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் தலையில் விளக்கைச் சுமந்துகொண்டு ஆட்கள்.

"இந்த வெளக்கு தூக்கறவனுங்கள எடுத்துட்டு, சாமிய மட்டும் குடுய்யா."

"அவுங்கள எடுத்துட்டா வெளிச்சம் எங்கேந்துங்க வரும்?"

"சாமியே ஜோதிதானய்யா!"

"அப்ப ஜெனரேட்டர எதுக்குங்க இழுத்துக்கினு போறீங்க?"

காலண்டர் வேறு ஆளிடம் போனது. அந்தப் படத்தின் இடது ஓரத்தில் விளக்குத் தூக்கிக்கொண்டு நின்றவன் என் தம்பி சேகர்.

விளக்குத் தூக்குகிறவன் முகம் படத்தில் விழாது. வெளிச்சம் தலைக்கு மேலே. முகம் அதன் நிழலில். சேகர் பத்து வருஷம் தூக்கினான். ஊரில் பாதிக் கல்யாண ஆல்பங்களில் இருப்பான். எதிலும் மூஞ்சி இருக்காது.

ஒரு மழை நாள். ஓரிக்கைப் பக்கம் மாப்பிள்ளை ஊர்வலம். வயர் நைந்திருந்தது. விளக்கோடு விழுந்தான். அவன் விழுந்த பிறகும் விளக்கு எரிந்ததாம்.

காரியத்துக்குப் படம் வேண்டும். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டதால் கல்யாணப் படம் இல்லை. வீட்டில் இருந்ததோ ஒரு பட்டன் போன். ஆதார் அட்டையில் இருப்பது சேகர்தான் என்று அந்த அட்டை மட்டும்தான் சொல்லும்.

அவன் பெண்டாட்டி தேவி அழவில்லை. "மாமா, பாப்பாவுக்கு ரெண்டு வயசு. எதக் காட்டி அப்பான்னு சொல்றது? எனக்கே மூஞ்சி மறந்துடும்போல இருக்குது மாமா."

அமாவாசையிடம் சொன்னேன். ஷட்டரை இறக்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். மூன்று நாள். பத்து வருஷத்து ராத்திரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார். நாலாம் நாள் எங்களைக் கூப்பிட்டார்.

திரையில் சேகர் இருந்தான். விளக்கைக் கீழே இறக்கிவிட்டுச் சுவரோரம் குந்தியிருக்கிறான். இரண்டு கையையும் குவித்து, தீக்குச்சியில் பீடி பற்றவைக்கிறான். அந்தச் சின்ன வெளிச்சத்தில் முழு முகமும் தெரிந்தது. மூக்குக்குக் கீழே உள்ள தழும்புகூட.

தேவி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அண்ணா, அந்தப் பீடிய மட்டும் எடுத்துடுங்கண்ணா. மாலை போட்டு மாட்டற படம்."



"அவன் குடிச்சாம்மா" என்றார் அமாவாசை.

"எனக்குத் தெரியாதாண்ணா? தெனம் திட்டனதே நான்தான். பாப்பா பாக்கப் போவுதுண்ணா."

அவர் மவுஸில் கை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். வாங்கி வைத்த டீ ஆறியது. பிறகுதான் விஷயம் தெரிந்தது. பதினெட்டு வருஷமாக எதையும் அழிக்காத மனுஷனுக்கு அழிக்கத் தெரியவில்லை.

பேனர் கடைப் பெண்ணுக்குப் போன் போட்டு, எந்தப் பட்டன் என்று கேட்டார். ஸ்பீக்கரில் அவள் சிரித்தது தெருவுக்கே கேட்டது.

"யாரு, அமாவாசை அண்ணாவா? எடிட்டிங்கா? இன்னிக்கி மழதான் போ! யாருக்குண்ணா?"

சொன்னார். சிரிப்பு நின்றது. அதன்பிறகு ஒவ்வொரு பட்டனாக மெதுவாகச் சொல்லிக்கொடுத்தாள்.

பீடி போனது. குவிந்த கையும் நடுவில் நெருப்பும் இருந்தன.

நான் சட்டம் போடும்போது அமாவாசை கடைக்குள் வந்தார். பீடி உள்ள படத்தையும் நீட்டினார். "இதையும் உள்ள வெச்சிடுப்பா." முன்படத்துக்கும் பின் அட்டைக்கும் நடுவில் அதை வைத்து ஆணி அடித்தேன். தேவிக்குச் சொல்லவில்லை.

காரியத்தன்று தேவி பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு படத்தின் முன்னால் நின்றாள். நெருப்பைத் தொட்டுக் காட்டினாள்.

"அப்பா பாரு. சாமிக்குக் கற்பூரம் காட்றாரு பாரு."

சேகர் சாமிக்கு முன்னால் முதுகைக் காட்டி நடந்தே பழகினவன். கற்பூரம் காட்டியதே கிடையாது. தேவி சட்டென்று அமாவாசையைப் பார்த்தாள்.

"ஆமாதானேண்ணா?"

கல்யாண வீட்டிலும் பொய் சொல்லாத வாய். சாமி காரியத்திலும் சொல்லாத வாய்.

"ஆமாம்மா" என்றார் அமாவாசை.

வெளியே வந்ததும், "பீடி இருக்குதாப்பா?" என்று கேட்டார். அவர் குடித்து நான் பார்த்ததில்லை. வாங்கிக்கொடுத்தேன். ஒரு இழுப்புதான் இழுத்தார். இருமினார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"பொகப்பா" என்றார்.

"ஆமாண்ணா" என்றேன்.