தண்ணியில்லாம தோணி வலிச்ச கதை

நேத்து வெள்ளிக்கிழமை. கடை பூட்டு. ஜும்ஆத் தொழுகைக்குப் போக முந்தி ரோவிங் மெசின்ல கொஞ்சம் பயிற்சி செய்யணும். அவ்வளவுதான் வேலை.

ரோவிங் மெசின் எண்டா, வீட்டுக்குள்ள குந்திக்கிட்டே தோணி வலிக்கிற மெசின். மச்சான் றிபாஸ் இரவலாத் தந்தது. அவன் ஸ்கூல்ல விளையாட்டுப் படிப்பிக்கிற சேர். நான் புடவைக்கடைக்காரன். சீலைக் கட்டு ஒண்டைத் தூக்கினாலே எனக்கு மூச்சு வாங்கும்.

மச்சான் தெளிவாத்தான் சொல்லித் தந்தான். "ஒரு நிமிசம் முழுப் பலத்தோட இழு. அடுத்த நிமிசம் மெதுவா இழுத்துக் களை ஆறு. பிறகு திரும்பவும் இழு. அப்பதான் பவர் ஏறும்."

முதல் நிமிசம் பறந்தன்! நெஞ்செல்லாம் நிமிந்திச்சு.

ஆறுற நேரம் வந்திச்சு. ஆறுறதெல்லாம் வயசாளிமார்ர வேலை எண்டு நினைச்சன். எனக்கு நாப்பத்தாறுதானே!

நிப்பாட்டாம இழுத்தன். வேர்த்துக் கொட்டிச்சு. சுவர்க் கடிகாரம் ரெண்டாத் தெரிஞ்சிச்சு. பிறகு, எனக்குக் கால் இரிக்கா இல்லையா எண்டே தெரியல்ல.

அந்த நேரம் பாத்துத்தான் மாமி வரணுமா? என்ட மனிசிட உம்மா. கையில இனிப்பு வட்டிலப்பத்தோட வாசல்ல நிக்கிறா.

குந்தினபடியே ஸலாம் சொன்னா மரியாதையில்லையே. எழும்பினன்.

கால் வரல்ல.

நேரா மாமிட காலடியில விழுந்தன்!

"அல்லாஹ்வே! மருமகனுக்கு என்ன நடந்த?"

"மெ... மெ... மெ..."

மெசின் எண்டு சொல்லப் பாத்தன். மூச்சு விட்டாத்தானே!

"புள்ள, ஓடி வா! இவருக்கு வாய் இழுத்திட்டு! பாரிசவாதம்!" மாமி போட்ட சத்தம் கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

மனிசி ஓடி வந்தா. மெசினப் பாத்தா. என்னப் பாத்தா. "உம்மா, இவருக்கு ஒண்டுமில்ல. இது இவர்ர கூத்து."

ஆரு கேக்கிற? மாமி அதுக்குள்ள ஃபோன்ல ஊருக்கெல்லாம் சொல்லத் தொடங்கிட்டா.

ஜும்ஆவுக்கும் போகக் கிடைக்கல்ல. காலை மடக்கினா நிமித்த ஏலா. பள்ளியில எனக்காக துஆக் கேட்டாங்களாம். தொழுகை முடிய, தெருவே எங்கட வீட்டுக்கு வந்திட்டு! அப்பிள், முந்திரிகைப் பழம், இளநீர் எண்டு மேசையில வைக்க இடமில்ல.

"எனக்கு ஒண்டுமில்ல, எக்சர்சைஸ் செஞ்ச நான்" எண்டு கட்டில்ல கிடந்து கத்தினன்.

"ஓம், ஓம். கதைக்காதீங்க, மண்டைக்கு ரத்தம் ஏறும்" எண்டாங்க வந்தவங்க.

றிபாஸும் வந்தான். குனிஞ்சு காதுக்குள்ள கேட்டான்: "இடையில ஆறினியா?"

"இல்ல."

"அந்த ஆறுதல்தான்டா அடுத்த இழுவைக்குப் பலம் தாறது, மடையா!"

கடைசியா வந்தவர் பக்கத்து வீட்டு மீராசா காக்கா. காலம் முழுக்கக் கடல்ல தோணி வலிச்ச மனிசன். மெசினச் சுத்திச் சுத்திப் பாத்தார். கயித்தை ஒருக்கா இழுத்தும் பாத்தார்.

"தம்பி, இவ்வளவு வலிச்சு எங்க போய்ச் சேந்த?"

நான் வாயத் திறக்க முந்தி, குசினிக்குள்ள சமைச்சிட்டிருந்த மனிசிட சத்தம் வந்திச்சு:

"உம்மாட காலடிக்கு, காக்கா!"