ஃப்ளெக்ஸில் கோடு இல்லாமல் போன மச்சானுக்கு

பெருமுக்கல் பெரிய மச்சான் தெய்வசிகாமணி அவர்கள் சமுகத்துக்கு, மரக்காணத்திலிருந்து உங்கள் தங்கை புருஷன் காசிலிங்கம் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் தங்கை வசந்தா, கல்யாணப் பெண் பூஜா மூவரும் நலம். அங்கு நீங்கள் நலமா என்று கேட்கக் காலையிலிருந்து போன் போடுகிறேன், கட் செய்கிறீர்கள். கட் செய்யும் வேகத்தைப் பார்த்தால் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று தெரிகிறது, சந்தோஷம். ஆகவே இதை அந்தப் பக்கம் வரும் உப்பு லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டுக் கிழியுங்கள்.

நேற்று தாய்மாமன் சீர் ஏற்றிக்கொண்டு வந்த நீங்கள், பஸ் ஸ்டாண்டு பக்கம் நம் கல்யாண ஃப்ளெக்ஸைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பி, வாழைத்தாரோடு ஊருக்கே போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன் மச்சான். பூஜா டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள் அல்லவா, ஊசி போடும் டாக்டர் இல்லை. தொழில் தொடங்குவதை எப்படிக் கற்றுக்கொடுப்பது, எடுத்த வேலையைத் திட்டம் போட்டு எப்படி முடிப்பது, இந்த இரண்டைப் பற்றியும் உலகத்தில் யார் யார் என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று கம்ப்யூட்டரில் போட்டு ஒரு வரைபடம் ஆக்கியிருக்கிறாள். நம் உப்பளத்தில் எந்தப் பாத்தியில் எல்லோரும் கூடி நின்று உப்பு வாருகிறார்கள், எந்தப் பாத்தியைத் தொட ஆளில்லை என்று மேலேயிருந்து பார்ப்பது போலத்தான். நிறைய பேர் எழுதிய விஷயத்துக்குப் பெரிய வட்டம், கொஞ்சம் பேர் எழுதியதற்குச் சின்ன வட்டம், சேர்ந்து வரும் விஷயங்களுக்கு நடுவில் கோடு, வட்டத்துக்கு வட்டம் தமிழில் பெயர். எனக்குப் புல்லரித்துவிட்டது. இதையும் ஒரு ஓரமாகப் போட்டால் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் படிப்பைத் தெரிந்துகொள்வார்களே என்று, சொந்தக்காரர்கள் போட்டோவோடு ஒரே பென் டிரைவில் ஏற்றி, ஃப்ளெக்ஸ் கடை சேட்டுவிடம் கொடுத்தேன்.

சேட்டு காதுகுத்து, மஞ்சள் நீராட்டுன்னு ஃப்ளெக்ஸ் அடிச்சே பழகினவன். வட்டத்தைப் பார்த்தா அவன் கை சும்மா இருக்குமா. இதுதான் டிசைன்னு முடிவு பண்ணி, வட்டத்துக்கு ஒரு மூஞ்சியா எல்லாரையும் உள்ள ஒட்டிட்டான். கீழ இருந்த பேரை அழிக்கல. நடுவுல பெரிய வட்டத்துல 'தலைமைப் பண்பு'ன்னு உங்க தங்கச்சி. என் மூஞ்சிக்குக் கீழ 'காலதாமதம்'. ஊரே நின்னு படிச்சுட்டு, சேட்டு விவரமான ஆளுன்னு சொல்லிட்டுப் போவுது. நீங்க மட்டும் இடது மூலையில, குட்டி வட்டத்துல, யாரோடயும் கோடு இல்லாம, கீழ 'தோல்வி'ன்னு. சத்தியமா அது சேட்டு வேலை மச்சான்.

விஷயம் தெரிஞ்சதும் நானே ஏணி போட்டு ஏறி, பச்சை பெயிண்டால உங்களுக்கும் வசந்தாவுக்கும் ஒரு கோடு இழுத்தேன். ஏணி ஆடிடுச்சு. கோடு மாப்பிள்ளை அரவிந்தனோட அப்பா மூக்கு வழியாப் போயிடுச்சு. அவர் போன் பண்ணி, சம்பந்தி மரியாதைன்னா இதுதானான்னு கேட்டார். அவரைச் சமாதானம் பண்ண அவர் வட்டத்துலேர்ந்து எல்லாருக்கும் கோடு போட்டேன். இப்ப ஃப்ளெக்ஸ்ல மூஞ்சி ஒண்ணும் தெரியல, பச்சை வலை மட்டும் இருக்குது.

திட்டப்போறான்னு பார்த்தா, பூஜா வந்து நின்னு கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. அப்புறம்தான் விளக்கமா சொன்னா. உங்க வட்டம் மஞ்சள் கலர் பார்த்தீங்களா, மஞ்சள்னா புதுசா எழுத ஆரம்பிச்ச விஷயமாம். இத்தனை நாளா ஜெயிக்கறதைப் பத்தியே எழுதிட்டு, இப்பத்தான் விழுந்தவன் எப்படி எழுந்திரிக்கறான்னு பார்க்கறாங்களாம். நீங்க இறால் பண்ணை போட்டு, அது போய், தண்ணி கேன் கம்பெனி வெச்சு, அதுவும் போய், இப்ப தென்னை நர்சரி வெச்சு நிக்கறீங்களே, அதைத்தான் வெளிநாட்டுக்காரன் ஆராய்ச்சி பண்றான். "எல்லாரும் இனிமே மாமா இருக்கற மூலைக்குத்தான்பா வருவாங்க"ன்னு சொன்னா. எனக்குப் பெருமை தாங்கல.

கல்யாண வேலைக்கும் அவ ஒரு திட்டப் படம் போட்டு செவுத்துல ஒட்டியிருக்கறா. பந்தல் தள்ளிப்போனா சமாளிக்கலாம், பலகாரம் தள்ளிப்போனாலும் சமாளிக்கலாம், ஒரே ஒரு வேலை தள்ளிப்போனா முகூர்த்தமே நின்னுடும்னு அதுக்கு மட்டும் சிவப்பு அடிச்சிருக்கறா. அது நீங்க வர்றது. நேத்துலேர்ந்து அதைப் பார்த்துப் பார்த்து உக்காந்திருக்கறா. "மாமா கையால மாலை போடலன்னா நான் மணையில உக்கார மாட்டேன்"னு சொல்லிட்டா. என் மேல இருக்கற கோவத்தை அவ மேல காட்டாதீங்க மச்சான். நாளை மறுநாள் காலையில முகூர்த்தம். நீங்க வராம எனக்கு அந்தப் பந்தல்ல நிக்கத் தெம்பு இல்ல.

வீட்டில் தெய்வநாயகி அக்காவுக்கு என் வணக்கத்தையும், பேரப்பிள்ளைகளுக்கு என் அன்பையும், அந்த வாழைத்தார் பழுத்திருந்தால் அதற்கு என் வருத்தத்தையும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் பாசத்துக்குக் கட்டுப்பட்ட
காசிலிங்கம்

பி.கு.: கடிதத்தைக் கொடுக்கப் போன இடத்தில் லாரி டிரைவர் சொல்கிறார், கல்யாண மண்டபத்துக்கு எதிரே நீங்களே ஆள் விட்டு ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறீர்களாம், நம்முடையதைவிட ரெண்டு மடங்கு. பூஜாதான் அந்த வட்டப் படத்தை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாளாம். நடு வட்டத்தில் நீங்கள், உங்களிடமிருந்து எல்லோருக்கும் கோடு, சமையல்காரருக்குக்கூட வட்டம் இருக்கிறதாம். என் போட்டோ எங்கேயும் இல்லையாம். பொண்ணைப் பெத்தவன் நான். மேலே எழுதியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கறேன். அந்த ஃப்ளெக்ஸ் இறங்கற வரைக்கும் நான் கல்யாணத்துக்கு வர்றதா இல்ல.