வெள்ளிக்கிழமைக்குப் பன்னிரண்டு கட்டில்

எனக்குக் கணக்கு நன்றாக வரும். என் மானம் போன இடமெல்லாம் அதனால்தான்.

இருபத்திரண்டு வயதில் வாவிக்கரை ஆசுபத்திரி ஒன்றில் கிளாக்கராக இருந்தேன். மலேரியாக் காலம். காய்ச்சல் வாட்டில் இருபது கட்டில்களும் நிரம்பியிருந்தன. அக்கரையில் வவுணதீவுப் பக்கம் இன்னும் பலர் இடத்துக்காகக் காத்திருந்தார்கள்.

"எப்ப எத்தின கட்டில் காலியாகும் எண்டு தெரிஞ்சா ஆக்களக் கூப்பிடலாம்," என்றார் டொக்டர். (என்னிடம் சொல்லவில்லை. நானாக எடுத்துக்கொண்டேன்.)

பழைய பதிவேட்டைப் புரட்டினேன். ஒரு நோயாளி சராசரியாக ஆறு நாள் படுத்திருந்தார். (இரண்டு நாளில் ஓடியவரும் பதினைந்து நாள் கிடந்தவரும் சேர்ந்தே அந்த ஆறு என்பது உறைக்கவில்லை.) வெள்ளிக்கிழமை பன்னிரண்டு கட்டில் காலியாகும் என்று தீர்மானித்து, டொக்டரைக் கேட்காமலே அக்கரைக்குக் கடிதம் அனுப்பினேன்: பன்னிரண்டு பேரை அனுப்பவும்.

வெள்ளி காலை, அன்றோடு ஆறு நாள் முடிகிறவர்கள் என்று நான் எழுதிவைத்த பட்டியலில் முதலாவதாக இருந்த போடியாரிடம் போனேன். பெரிய வயற்காரர்.

"போடியார், இண்டைக்கு உங்களுக்குச் சுகம்."

அவர் போர்வைக்குள் நடுங்கியபடி, "ஆரு மனே சொன்ன?" என்றார்.

அன்று எழுந்து வீட்டுக்குப் போனவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் என் பட்டியலிலேயே இல்லை.

பத்து மணிக்குத் தோணிகள் வந்தன. பன்னிரண்டு பேர். ஒருத்தி நிறைமாதக் கர்ப்பிணி, பல் கிடுகிடுக்க நின்றாள். மிஸ்ஸி (தாதியை அப்படித்தான் அழைப்போம்) என்னைப் பார்த்தார்.

"கட்டில் எங்க தம்பி?"

"பின்னேரத்துக்குள்ள காலியாகும், மிஸ்ஸி."

"அதுவரைக்கும் இந்தப் பிள்ள நிக்கிறதா?"

ஓடிப்போய் என் அறைக் கட்டிலைத் தூக்கிவந்து அவளுக்குப் போட்டேன். கந்தோரில் நாங்கள் எழுதும் மேசைகள் இரண்டும் கட்டிலாக வாட்டுக்குப் போயின. மற்றவர்களுக்கு விறாந்தையில் பாய். ஒருவரும் சாகவில்லை, அதற்கு மிஸ்ஸி மூன்று நாள் உட்காராததுதான் காரணம்.

டொக்டர் திட்டவில்லை. "சராசரி நோயாளி எண்டு ஒருத்தன் வந்தா எனக்குக் காட்டு. நான் இன்னும் கண்டதில்ல," என்றார்.

அடுத்த கிழமை எனக்கே காய்ச்சல். விறாந்தைப் பாயில் பத்தொன்பது நாள் கிடந்தேன்.

போன மாதம் என் மகளுக்குப் பிள்ளைப்பேற்றுக்கு நாள் சொன்னார்கள். "அப்பாட்டயும் ஒருக்காக் கேப்பமா?" என்றாள்.

"கேளு," என்றாள் என் மனைவி. "அவர் சொல்ற நாள்ல மட்டும் வீட்டில நிம்மதியா இரிக்கலாம்."