நான் பிரட்டி வைத்த கொடுவா மீன்

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால், வாசித்து முடித்ததும் நீங்களாகக் கண்டுபிடித்த மாதிரிப் பெருமைப்பட முடியாது. அதிலும் சாதாரண மடையன் இல்லை; தெரியாத விஷயத்தை மிக உறுதியாகப் பேசுகிற வகை.

என் தங்கை ஷிபாவுக்கு ஓட்டமாவடியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஆசிரியர், தகப்பன் சாரம், கைலி விற்கும் வியாபாரி. இரண்டு வீட்டாரும் முதலில் வெளியில் எங்காவது வைத்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. தனித்தனி மேசை. பேச்சு இல்லை, சலாம்கூட இல்லை. பிடித்தால் வீட்டுக்கு வருவார்கள். பிடிக்காவிட்டால் யாருக்கும் தெரியாமல் அத்தோடு முடியும். எங்கள் ஏறாவூரில் பெண்ணைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால், அவர்களுடைய வேன் சந்தியைத் தாண்டுவதற்கு முன் செய்தி தாண்டிவிடும். அதனால்தான் இவ்வளவு பக்குவம்.

இடம் பார்க்கும் பொறுப்பை நானே பிடுங்கிக்கொண்டேன். மட்டக்களப்பு வாவிக்கரையில் புதிதாகத் திறந்திருந்த தாய்லாந்து உணவகத்தைச் சொன்னேன். தாய் சாப்பாட்டில் நான் பெரிய ஆள் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை. (கட்டாரில் ஏசி திருத்தப் போன காலத்தில் பக்கத்து அறையில் ஒரு தாய்லாந்துக்காரர் இருந்தார். அவர் சமைக்கும்போது கதவிடுக்கால் வந்த வாசம்தான் என் முழு அனுபவம்.)

வேனில் ஷிபா பின்சீட்டிலிருந்து குனிந்து மெல்லச் சொன்னாள்: "காக்கா, ஃபோட்டோவில பாத்ததுலயே எனக்கு அவரப் புடிச்சிரிக்கி. நீங்க அங்க ஒண்டும் செய்ய வேணாம். சும்மா இரிங்க, அது போதும்."

அவள் என்னிடம் இலகுவில் எதையும் கேட்கிறவள் இல்லை. தலையாட்டினேன்.

அந்தி மஃரிபு தொழுதுவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் ஏற்கனவே யன்னலோர மேசையில் இருந்தார்கள்: தகப்பன், தாய், மாப்பிள்ளை. நாங்கள் பக்கத்து மேசையில் அமர்ந்தோம். உம்மா முக்காட்டைச் சரிசெய்தார். வாப்பா மேசை விரிப்பிலிருந்த பூக்களைப் படித்துக்கொண்டிருந்தார். ஷிபா மூச்சுவிடுகிறாளா என்றே தெரியவில்லை.

மெனு வந்தது. வெயிட்டர் விளக்கம் சொல்ல வாயெடுத்தார். அவரைக் கையால் நிறுத்திவிட்டு, அடுத்தடுத்து நாலு வரியைத் தொட்டுக் காட்டினேன். காரம் எப்படி வேண்டும் என்று கேட்டார். தாய்லாந்தில் சாப்பிடுகிற மாதிரியே போடச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய வட்டத் தட்டு எங்கள் மேசையின் நடுவில் வந்து இறங்கியது. மலைபோல் சோறு, அதன்மேல் முழுசாகப் பொரித்த கொடுவா மீன், சுற்றிவர இறால்.

"எல்லாருக்கும் சேத்து ஒண்டா, மகன்?" என்று உம்மா கேட்டார்.

எங்கள் கல்யாண வீடுகளில் சஹன் சாப்பாடுதான். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து ஒன்றாகக் கைபோடுவது. அந்தப் பழக்கம் எனக்குக் கைகொடுத்தது.

"ஓம் உம்மா. தாய்லாந்திலயும் சஹன்தான்."

ஒரு தேசத்தின் பண்பாட்டையே ஒரு வசனத்தில் மாற்றிவிட்டேன். வாப்பா பிஸ்மி சொல்லிக் கைவைத்தார். மீனின் மேற்பக்கம் முள்ளாகிவரும் நேரத்தில் ஷிபா உதட்டை அசைக்காமல் சொன்னாள், அவர்களுடைய வாப்பா வெயிட்டரைக் கூப்பிட்டு எங்கள் மேசையைக் காட்டுகிறார் என்று. நம்மைப் பற்றி நல்லவிதமாக விசாரிக்கிறார்போல என்றேன்.

வெயிட்டர் வந்து என் காதருகே குனிந்தார். "சேர், மன்னிச்சிக்கங்க. இது அந்த மேசைட ஓடர். மாறி வெச்சிட்டன்."

அவருக்குப் பின்னால் இன்னொருவர் எங்களுடைய ஓடரைக் கொண்டுவந்து வைத்தார். நாலு கிண்ணம். நாலும் சூப்.

வாப்பாவின் கை பாதிவழியில் நின்றது. உம்மா விழுங்குவதா விடுவதா என்று தெரியாமல் கன்னத்துக்குள் சோற்றை ஒதுக்கியிருந்தார். வெயிட்டர் முதலாளியைக் கேட்க உள்ளே போனார். அந்த இடைவெளியில்தான் என் மூளை வேலைசெய்தது. (அது எப்போதும் இப்படியான நேரம் பார்த்துத்தான் விழிக்கும்.) முடிந்தது ஒரு பக்கம்தானே? இரண்டு கரண்டியால் மீனை மெல்லப் பிரட்டினேன். பொன்னிறமாக, தொட்ட சுவடே இல்லாத மறுபக்கம் மேலே வந்தது. வால் கழன்றது, பொருத்தினேன். சோற்றுக் குழிகளை நிரவி, மிச்ச இறால்களைப் பரவலாக வைத்து, விளிம்பை டிஷ்யூவால் துடைத்தேன். வெயிட்டர் திரும்பி வந்ததும் தட்டை நீட்டினேன்.

"கொண்டு குடுங்க. நாங்க தொடல்ல."

அவர் மீனைப் பார்த்தார். பிறகு எண்ணெய் வழியும் என் விரல்களைப் பார்த்தார். நான் நிம்மதியாகப் பக்கத்து மேசைப் பக்கம் கண்ணை ஓட்டினேன்.

தகப்பன், தாய், மாப்பிள்ளை மூவரும் எங்கள் பக்கம் திரும்பி, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டமாவடியிலிருந்து அவர்கள் வந்ததே எங்களைப் பார்க்கத்தான் என்பதை நான் முற்றாக மறந்துபோயிருந்தேன்.

அப்போது ஷிபா எழுந்தாள். வெயிட்டரின் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு நேராக அவர்களிடம் போனாள்.

"மாமா, இத நாங்க சாப்பிட்டுட்டம். உங்கடதெண்டு தெரியாமத்தான் சாப்பிட்டம். தெரிஞ்ச பொறகு பொரட்டி வெச்சது என்ட காக்கா. நீங்க வேற ஒண்டு எடுங்க."

குரல் நடுங்கியது, தட்டு நடுங்கவில்லை. அந்த மனுசன் மீனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். (என்னைப் பார்த்ததுதான் நீண்ட நேரம்.) பிறகு எழுந்து, தட்டை அவள் கையிலிருந்து வாங்கி, எங்கள் மேசைக்கே கொண்டுவந்து வைத்தார். தனக்கொரு கதிரையை இழுத்துப் போட்டு, சலாம் சொல்லி, சட்டைக் கையை மடித்தார். தாயும் மாப்பிள்ளையும் பின்னால் வந்தார்கள். மீனின் மறுபக்கத்தை எல்லோருமாகச் சாப்பிட்டார்கள். அந்தச் சஹனில் எனக்கு யாரும் இடம் விடவில்லை. நாலு சூப்பையும் நான்தான் குடித்தேன். கண்ணீர் உறைப்பினால் வந்தது என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் எந்த விருந்தில் முழு மீன் வந்தாலும், முதலில் பிரட்டிப் பார்த்துவிட்டுத்தான் மச்சான் கைவைப்பார். சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அந்தக் கதை மனப்பாடம்.

போன பெருநாளுக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, நெடுநாளாக மனதில் கிடந்ததை மச்சானின் வாப்பாவிடம் கேட்டுவிட்டேன்.

"மாமா, அண்டைக்கு எங்கட குடும்பத்துல என்னத்தப் பாத்துட்டு ஓம் எண்டு சொன்னீங்க?"

அவர் வட்டிலப்பத்தை வெட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்:

"உங்கட தங்கச்சியயும் பாத்தம். உங்கள மட்டும் பாக்கல்ல, தம்பி."