பூதம் காத்திருக்கும், முதலாளி காத்திருப்பாரா?

'என் முறை வரட்டும்' என்பவர் என்றோர் இனம் உண்டு. ரேஷன் கடை வரிசையைச் சொல்வதாக நினைக்காதீர்கள். அவர்கள் பாவம், வேறு வழியில்லாமல் நிற்கிறார்கள். நம் ஆள் விரும்பி நிற்பவர். எண்பத்தொன்பதில் புதுச்சேரியில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரியாக விளங்கியவர், காந்தி வீதி மாடியொன்றில் இருந்த கம்ப்யூட்டர் சென்டர் வாத்தியார் தெய்வசிகாமணி.

சென்டர் முதலாளி தேவதாஸின் மைத்துனர் பாரிஸிலிருந்து வந்தபோது இரண்டு கம்ப்யூட்டர் விளையாட்டுகளைக் கொண்டுவந்தார். இரண்டிலும் ஒரே வேலைதான்: ஒரு வீரனைக் குகைக்குள் அனுப்பி, பூதங்களோடு மோதவிட்டு வளர்க்க வேண்டும். முதலாவதில் நீங்கள் ஒரு வெட்டு, பூதம் ஒரு வெட்டு. அடுத்து என்ன செய்வதென்று நீங்கள் யோசித்து முடிக்கும்வரை, டீ குடித்துவிட்டு வந்தாலும், அது ஓங்கிய கையோடு அப்படியே நிற்கும். இரண்டாவதில் அந்த மரியாதையெல்லாம் கிடையாது. நீங்கள் மூக்கைச் சொறிகிற நேரத்தில் தலையைச் சீவிவிடும்.

தெய்வசிகாமணி முதல் கட்சி. எதிர்க்கட்சி, அங்கேயே பாடம் நடத்திய ஜலால். பெரிய மார்க்கெட் பாத்திரக்கடைக்காரர் மகன். விளையாட்டு பிரெஞ்சில் இருந்ததால், பட்டனைத் தட்டும்போதெல்லாம் 'தாக்கு' என்பதை "அத்தாக்கே! அத்தாக்கே!" என்று கத்துவான்.

"இது சண்டையா தம்பி? மீன் ஏலம் மாதிரி இருக்குது."

"உங்க பூதம் டோக்கன் வாங்கிட்டு நிக்குதே, அது மட்டும் சண்டையாண்ணே?"

விளையாட்டோடு விட்டாரா? சாலையைக் கடக்க ஒவ்வொரு சைக்கிளுக்கும் அதன் முறையைக் கொடுத்து, வஞ்சிரமா சங்கராவா என்று மார்க்கெட்டில் அவர் தீர்மானிப்பதற்குள் இரண்டும் விற்றுப்போக, மிஞ்சிய நெத்திலியோடு வீடு திரும்பி, அதற்காக மனைவி கொளஞ்சி போடும் சண்டையில் அவள் முடித்ததும் பேசலாம் என்று நாகரிகமாகக் காத்திருப்பார். கல்யாணமான நாளிலிருந்து அந்த முறை வரவில்லை.

அவருக்கும் ஓர் ஆசை இருந்தது. தேவதாஸ் விழுப்புரத்தில் கிளை திறக்கப் போகிறார் என்ற பேச்சு எழுந்ததிலிருந்து, அதன் பொறுப்பாளராகிவிட வேண்டும் என்று ஏங்கினார். கொளஞ்சியின் தாய்வீடு அங்கேதான். அவள் இன்னும் அதிகமாக ஏங்கினாள்.

"வாயத் தொறந்து கேளேன்யா!"

"அவரா கூப்புடுவாரு. நம்ம முறை வரும்."

வந்தது. ஒரு மத்தியானம் தெய்வசிகாமணி பெரிய பூதமொன்றுடன் மோதிக்கொண்டிருந்தபோது தேவதாஸ் உள்ளே நுழைந்தார்.

"விழுப்புரம் கிளைய அடுத்த வாரம் தொறக்கறேன். சிகாமணி, நீ போறியா?"

'போறேன் சார்' என்றால் தீர்ந்தது. நம் ஆள் என்ன செய்தார்? உடனே தலையாட்டினால் மதிப்புக் குறைந்துவிடுமோ, சம்பளத்தை இப்போதே பேசுவதா, போய்ச் சேர்ந்த பிறகு பேசுவதா, ஒரு தடவை மறுத்துவிட்டு ஒப்புக்கொண்டால் கௌரவமாக இருக்குமோ என்று, வாள், கேடயம், மந்திரம் மூன்றையும் மனசுக்குள் எடுத்து எடுத்துப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம் சார், யோசிச்சு..."

"நான் போறேன் சார்!" என்றான் ஜலால்.

"சரி, நீயே போ." தேவதாஸ் படியிறங்கிவிட்டார்.

திரையில் பூதம் மட்டும் ஓங்கிய கையோடு பொறுமையாக நின்றது. தெய்வசிகாமணி அதையே முறைத்துப் பார்த்தார். பிறகு, வெட்கங்கெட்டுப்போய்ச் சிரிப்பும் வந்தது. ஊரிலேயே தன்னை மதிக்கிற ஒரே ஜீவன் இதுதானா!

"இன்னா, கேட்டாரா?" என்று கொளஞ்சி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். எப்படிச் சொல்வது என்று அவர் யோசிக்கத் தொடங்கினார். யோசித்து முடிப்பதற்குள் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அன்று அவள் சண்டையே போடவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்கிறீர்களா? ரொம்ப சந்தோஷம். யாரிடமோ சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையை 'நல்ல சமயம் வரட்டும்' என்று நெஞ்சுக்குள் வைத்திருக்கிறீர்களே, அதைச் சொல்ல இந்நேரம் எழுந்து போயிருக்கலாம். நீங்களோ கடைசி வரிவரை உட்கார்ந்து படித்துவிட்டீர்கள்.