பட்டை சிறுத்த அதிகாரி

திராட்சை காய்ப்பதற்கு அரசாங்க அனுமதி தேவையில்லை. காய்த்ததை லாரியில் ஏற்றினால்தான் தேவை. இந்த உயரிய நோக்கத்துக்காகவே கம்பம் பக்கம் பழ நடமாட்ட அனுமதி அலுவலகம் நிறுவப்பட்டு, கம்ப்யூட்டர் வழியே துரிதமாகப் பாஸ் வழங்குவதாகப் போர்டு சொல்கிறது. அந்தப் போர்டை மனப்பாடம் ஆகும் அளவுக்கு வாசலில் லாரியோடு நின்று படித்தவர்கள் நாங்கள்.

தாமதத்தின் மூலகாரணத்தைக் கண்டறிய, தேனியிலிருந்து பெனிட்டா என்ற மென்பொருள் பொறியாளர் வரவழைக்கப்பட்டார். அவர் கொண்டுவந்தது ஒரு புரொஃபைலர். மென்பொருளின் எந்தப் படி எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்று பட்டை பட்டையாகக் காட்டும் கருவி அது. அதிகம் தின்பது உச்சியில், நீளமாக, சிவப்பாக நிற்கும்.

உதவி இயக்குநர் எபனேசர் திரையைப் பார்த்தார். முகம் கறுத்தது. உச்சியில், வாட்ச்மேன் சுருளியாண்டி லாரியைப் படம் பிடிக்கிற படி. அடுத்து, கண்காணிப்பாளர் மொக்கைச்சாமி சரிபார்க்கிற படி. எபனேசரின் கையெழுத்தோ அடியில் நூல் மாதிரி கிடந்தது.

"ஏம்மா, வாட்ச்மேன் தலைமேல, நான் காலடியிலயா? ஃப்ளெக்ஸ் போர்டுல இப்பிடிப் போட்டா விடுவாகளா?"

"சார், கீழ இருந்தாத்தான் நல்லது. நீங்க சீக்கிரம் முடிக்கிறீகன்னு அர்த்தம்."

"சீக்கிரம் முடிக்கிறவனுக்கு எவன் மரியாதை குடுப்பான்?"

அன்றே ஆணை பிறந்தது: 'மேற்படி கருவியின் முகப்பில் பதவி மூப்பு கடைப்பிடிக்கப்படாமை பாரதூரமான பிழையாகும். உடன் களையப்பட வேண்டும்.'

பெனிட்டா தலையில் அடித்துக்கொண்டு களைந்தார். எபனேசர் உச்சிக்கு வந்தார். பக்கத்தில் அவர் போட்டோவும் வந்தது. ஆனால் பட்டை அதே நூல்தான்.

"இதைக் கொஞ்சம் இழுத்து நீட்டும்மா."

"பட்டை நீளணும்னா நீங்க லேட்டாக்கணும் சார்."

"அம்புட்டுத்தானா?"

மறுநாள் முதல், அவர் கையெழுத்துக்கு முன்னால் திரையில் ஒரு மயில் வந்து தோகை விரித்து ஆடியது. மொக்கைச்சாமி விடுவாரா? தன் படியில் 'ஆழ்ந்த பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டார். கேள்விப்பட்ட எபனேசர் இரண்டாவது மயிலை இறக்கினார்.

உள்ளே மயில் ஆட, வாசலில் வெயில் காய்ந்தது. எங்களோடு நின்ற அம்சத் பீவியின் பன்னீர் திராட்சை, கோட்டயம் சந்தைக்குப் போகவேண்டிய சரக்கு, லாரிக்கு அடியில் சாறாகச் சொட்டியது.

அம்சத் பீவி விறுவிறுவென்று உள்ளே நுழைந்தார். "ஏஞ் சார், நான் ஏத்துனது பழம். அங்கன போய் எறங்கப்போறது ஜூஸு. பாடுபட்ட வெள்ளாமை சார்!"

எபனேசர் பெருமையோடு திரையைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க, நம்ம ஆபீஸ் எம்புட்டு முன்னேறிருச்சு!"

"நான் நின்னது இதுல எங்கன இருக்கு?"

பெனிட்டாவுக்கு உயிர் வந்தது. இப்போதாவது இவர்களுக்கு உறைக்கட்டும் என்று, மனுதாரர் காத்திருப்பதற்கும் ஒரு பட்டை சேர்த்தார். அது கிளம்பியது. சக்கரத்தைத் தாண்டி, மயில்களைத் தாண்டி, திரையை விட்டே வெளியே போயிற்று.

எபனேசர் எழுந்து நின்றார். மொக்கைச்சாமியும் எழுந்தார்.

"அம்மா, நீங்க இம்புட்டுப் பெரிய ஆளுன்னு தெரியாமப் போச்சே!"

தம் நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார் எபனேசர். பொன்னாடை போர்த்திப் போட்டோ எடுத்தார். பாஸை இரு கையாலும் நீட்டினார். அம்சத் பீவி பொன்னாடையைச் சுருட்டி, ஒழுகுகிற பெட்டிக்கு அடியில் அண்டக் கொடுத்துவிட்டு லாரியைக் கிளப்பினார். பாதிப் பழம் போய்ச் சேர்ந்ததாகக் கேள்வி.

பொதுமக்களோடு போட்டி போட முடியாது என்று தெளிந்த அதிகாரிகள், மயில்களை விரட்டி, சக்கரத்தை நிறுத்தி, சுருளியாண்டியையும் துரிதப்படுத்தினார்கள். மறுநாள் பாஸ் மளமளவென்று வந்தது. சுருளிப்பட்டி சின்னப்பராஜுக்கு எஞ்சினை அணைக்குமுன் கிடைத்துவிட்டது. அவர் திரையில் தன் காத்திருப்புப் பட்டையை எட்டிப் பார்த்தார். பாஸை மேஜைமேல் விட்டெறிந்தார்.

"அந்த அக்காவுக்குத் திரை தாண்டிப் போச்சாம். எனக்கு மட்டும் நூலா? நான் என்ன இளிச்சவாயனா? ஊர்ல எவன் மூஞ்சியில முழிப்பேன்? என்னையும் காக்க வையுங்க சார்!"

எபனேசர் கோரிக்கையை எழுதி வாங்கிக்கொண்டு, பரிசீலிக்க நாளாகும் என்றார். சின்னப்பராஜுக்கு அப்போதுதான் முகம் மலர்ந்தது. நாங்களும் எஞ்சினை அணைத்துவிட்டு அவர் பின்னால் போய் நின்றோம்.